கட்டைவிரல் நிமிர்ந்த கதை

கால் கட்டைவிரலின் அடிமூட்டு ஒரு பக்கம் புடைத்து நிற்கும். விரல் மறுபக்கம் சாய்ந்து அடுத்த விரலை நெருக்கும். ஆங்கிலத்தில் பனியன் என்பார்கள். மருத்துவப் புத்தகத்தில் ஹாலக்ஸ் வால்கஸ். நம் வீட்டுப் பெண்கள் 'எலும்பு தள்ளிட்டு நிக்குது' என்று சொல்லிவிட்டு, செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வந்த ஒரு கணக்குப்படி, 18 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 23 பேருக்கு இது இருக்கிறது. 65-ஐத் தாண்டினால் 100-க்கு 36 பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல்.

இதை நிமிர்த்துவதற்கு மருத்துவ உலகம் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகளை எழுதி வைத்திருக்கிறது. ஒரே ஒரு விரலுக்கு ஏன் இத்தனை என்று கேட்டால், வெகுகாலம் தவறான இடத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் பதில். சரியான இடத்தில் வெட்டுவது நிலைபெற ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது.

இந்தக் கதையை நான் தேடிப் படிக்கக் காரணம் என் சித்தி. மும்பை தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுவதும் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கழிந்தது. வீடு சயானில், பிரதீக்ஷா நகர்ப் பக்கம், லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. வலது கால் கட்டைவிரல் சாய்ந்து சாய்ந்து, இரண்டாவது விரல் அதன்மேல் ஏறிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தது. சயான் ஸ்டேஷன் படியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் முகம் சுளிப்பார். ஆபரேஷன் என்ற பேச்சு வந்ததும் என்னிடம் அவர் கேட்டது இதுதான்.

"ஏய்யா, எலும்ப வெட்டிட்டு மறுபடி ஒட்ட வைக்கேங்காவளே, பழையபடி நடந்துருவேனாய்யா?"

"நடந்துருவீங்க சித்தி. ஆனா அதுக்கு முன்னால எதுக்கு வெட்டுதாங்கன்னு தெரிஞ்சுக்கிடுவோம்" என்றேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, புடைப்பு என்பது புதிதாக முளைத்த எலும்பு அல்ல. கட்டைவிரலுக்குப் பின்னால், பாதத்துக்குள், ஒரு நீண்ட எலும்பு இருக்கிறது. அந்த எலும்பு மெல்ல மெல்ல உள்பக்கமாக விலகிப் போகிறது. அதன் தலைதான் தோலை முட்டிக்கொண்டு வெளியே தெரிகிறது. எலும்பு விலகியதும் விரலை அசைக்கும் தசைநாண்கள் நேர்கோட்டில் இழுப்பதை விட்டு, வில்லில் பூட்டிய நாண்போல ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்குகின்றன. இழுக்க இழுக்கக் கோணல் கூடும். கோணல் கூடக் கூட இழுப்பும் கூடும். புடைப்பின்மேல் செருப்பு உரச, அங்கே ஒரு நீர்ப்பை வீங்கிச் சிவக்கும்.

இதெல்லாம் இன்று எக்ஸ்ரேயில் பார்த்தவுடன் தெரிகிறது. 200 ஆண்டுகளுக்கு முன் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது புடைப்பு மட்டும். அதனால் அது தோலும் சதையும் தடித்த நோய் என்றே நினைத்தார்கள். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்ல் ஹ்யூட்டர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர்தான் இது மூட்டு விலகலால் வருவது என்று வகுத்துச் சொல்லி, ஹாலக்ஸ் வால்கஸ் என்ற பெயரையும் வைத்தார்.

பெயர் வைத்தாலும் கத்தி வைக்கத் துணிவு வேண்டும். 1846-க்கு முன்னால் மயக்க மருந்து கிடையாது. 1867-இல் அறுவை மருத்துவர் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைத் தூய்மையாக வைக்கும் வழியைச் சொல்லும்வரை, எலும்பை வெட்டித் திறந்தால் சீழ் பிடித்துக் காலே போகலாம், உயிரும் போகலாம். அந்தக் காலத்தில் ஒரு விரல் கோணலுக்காக யாரும் பாதத்தைத் திறக்க மாட்டார்கள். மயக்க மருந்தும் கிருமிக் கட்டுப்பாடும் கைக்கு வந்த பிறகுதான் உயிருக்கு ஆபத்தில்லாத கோளாறுகளைப் பற்றி அறுவை மருத்துவர்கள் யோசிக்கவே தொடங்கினார்கள்.

அப்படி யோசித்தவர்களில் ஒருவர் ஜெனீவாவைச் சேர்ந்த ஜாக் லூயி ரெவெர்தான். 1869-இல் இளம் மருத்துவராக இருந்தபோதே சிறு சிறு தோல் துணுக்குகளைக் கிள்ளி எடுத்துப் புண்ணில் ஒட்டவைத்துக் காட்டிப் பெயர் வாங்கியவர். 1881-இல் அவர் கட்டைவிரலுக்கு வந்தார். புடைப்பைச் செதுக்கி எடுத்தார். அதோடு நிறுத்தாமல், எலும்பின் தலைக்குச் சற்றுப் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அந்த இடைவெளியை மூடி, தலையைத் திருப்பி நேராக்கினார். எக்ஸ்ரே பிறக்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. கண்ணையும் விரல் நுனியையும் மட்டும் நம்பி, கோணல் புடைப்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். இந்தச் சிகிச்சை பிறந்த நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறந்த குழந்தை உடனே நடந்துவிடவில்லை. அடுத்த அரை நூற்றாண்டு, எளிய வழியைத் தேடி வேறு பாதையில் போனார்கள். 1904-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கெல்லர், விரலின் அடிப்பக்க எலும்பில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடும் முறையை வெளியிட்டார். 1908-இல் சார்லஸ் மேயோ, பின்னால் உள்ள எலும்பின் தலையையே அகற்றும் முறையை எழுதினார். இரண்டிலும் வலி போனது, புடைப்பும் போனது. ஆனால் விரல் குட்டையாகி வலுவிழந்து தொங்கியது. நடக்கும்போது உடலை முன்னுக்குத் தள்ளும் கடைசி உந்தல் கட்டைவிரலுடையது. அது தன் வேலையைச் செய்யாவிட்டால் பாரமெல்லாம் இரண்டாவது, மூன்றாவது விரல்களின் அடியில் விழும். அங்கே காய்ப்பு காய்த்துப் புது வலி பிறக்கும். கெல்லர் முறை இன்றைக்கும் அடியோடு மறையவில்லை. அதிகம் நடமாடாத மிக முதியவர்களுக்குச் சில வேளை செய்கிறார்கள். நிறைய நின்று நடக்க வேண்டியவருக்கு அது சரிவராது.

மூட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் 1920-களில் வலுத்தது. 1925-இல் ஏகின் என்பவர் விரலெலும்பிலேயே சின்ன ஆப்பு ஒன்றை எடுத்து விரலைத் திருப்பினார். 1928-இல் ஏர்ல் மெக்பிரைட், எலும்பை அவ்வளவாகத் தொடாமல், கோணலாக இழுக்கும் தசைநாணை விடுவித்து மாற்றிக் கட்டினார். 1934-இல் நியூயார்க்கின் பால் லாப்பிடஸ் இன்னும் பின்னால் போனார். எலும்பு விலகத் தொடங்குவது பாதத்தின் நடுவில் உள்ள மூட்டில், ஆகவே அங்கேயே நேராக்கி ஒட்டவைத்துவிட வேண்டும் என்றார். அந்த மூட்டு மிகவும் தளர்ந்தவர்களுக்கும் கோணல் அதிகமானவர்களுக்கும் அவர் பெயரால் இன்றும் அந்தச் சிகிச்சை நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1962. அமெரிக்காவில் டேல் ஆஸ்டின் என்ற மருத்துவர் எலும்பின் தலைப்பகுதியைப் பக்கவாட்டில் 'வி' வடிவத்தில் வெட்டினார். வெட்டிய தலையைச் சில மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினால் போதும். 'வி' யின் இரண்டு கைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். காலை ஊன்றும்போது உடல் எடை அந்த வெட்டைப் பிரிக்காமல் இன்னும் இறுக்கமாகச் சேர்த்து அமுக்கும். இந்த முறையை விரிவாக எழுதி அவர் வெளியிட்டது 1981-இல்தான். இன்று லேசான, நடுத்தரக் கோணல்களுக்குப் பெரும்பாலும் செய்வது இதையே. அதிகக் கோணலுக்கு ஸ்கார்ஃப் என்ற இன்னொரு முறை உண்டு. உத்தரத்துக்கு நீளம் போதாதபோது தச்சர்கள் இரண்டு மரங்களையும் படிவெட்டாகச் சீவிப் பொருத்துவார்கள் அல்லவா, அந்த இணைப்பின் ஆங்கிலப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். எலும்பை நீளவாக்கில் 'இசட்' வடிவத்தில் வெட்டி, நகர்த்தி, சின்ன ஸ்க்ரூக்களால் பூட்டுவார்கள். பிரான்சில் போர்தோ நகர மருத்துவர் லூயி சாமுவேல் பாரூக் 1990-களில் இதைப் பரப்பினார். இப்போது பொத்தல் போன்ற சிறு துளைகள் வழியே நுண்ணிய துரப்பணத்தால் வெட்டும் முறையும் வந்துவிட்டது.

சித்திக்கு இதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். டீச்சர் அல்லவா, தாளை வாங்கி, கோணம் எவ்வளவு என்று கேட்டார். விரலின் சாய்வு 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு. பின்னால் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே 9 பாகைக்குள் இருந்தால் இயல்பு. இவற்றை அளக்க, நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுத்திருக்கும்போது பாதத்தில் பாரம் இல்லை, எலும்புகள் தம் இடத்துக்குக் கொஞ்சம் திரும்பிவிடும், கோணல் குறைவாகத் தெரியும். சித்தியிடம் ஏற்கெனவே இருந்தது படுக்கவைத்து எடுத்த படம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, நிற்க வைத்து இன்னொன்று எடுத்து வரச் சொன்னார்.

யாரால் வந்தது இந்தக் கோணல்? செருப்பையும் ஷூவையும்தான் முதலில் பிடிக்கிறார்கள். 1781-லேயே டச்சு உடற்கூறு அறிஞர் பேத்ரஸ் காம்பர் நல்ல காலணி எது என்று தனி நூல் எழுதினார். குதிரை, கோவேறு கழுதை போன்ற விலங்குகளின் பாதத்துக்குக் காட்டும் அக்கறையை மனிதப் பாதத்துக்குக் காட்டுவதில்லையே என்று அதில் ஆதங்கப்பட்டார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோண்டி எடுத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கே கோணல். 14, 15-ஆம் நூற்றாண்டினரில் 27 விழுக்காடு. நடுவில் நடந்தது, கூர்மூக்கு ஷூக்கள் நாகரிகமானது. அந்த மூக்கு நீண்டுகொண்டே போய், 1463-இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்ட் சட்டம் போட்டு நீளத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. கோணல் விரல்காரர்களின் எலும்பில், விழுந்து முறிந்த தடயங்கள் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன என்பதையும் அந்த ஆய்வு கண்டது. பாதக் கோணலை அழகுக் குறையாக மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1958-இல் ஹாங்காங்கில் லாம் சிம்-ஃபுக், ஹாட்ஜ்சன் என்ற இரு மருத்துவர்கள் ஷூ போடுகிறவர்களையும், படகுகளில் வெறுங்காலோடு வாழ்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கோணல் இருந்தது ஷூ போட்டவர்களில் 33 விழுக்காட்டினருக்கு, வெறுங்கால்காரர்களில் 1.9 விழுக்காட்டினருக்கு. நம் நாட்டிலும் மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் பெஞ்சமின் ஜோசஃபும் ராவும் 2,300 குழந்தைகளின் பாதத்தை ஆராய்ந்து 1992-இல் எழுதினார்கள். அது தட்டைப் பாதம் பற்றியது. வெறுங்காலோடு வளர்ந்த குழந்தைகளைவிட மூடிய ஷூவோடு வளர்ந்த குழந்தைகளுக்கே தட்டைப் பாதம் அதிகம் என்று கண்டார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் ஷூமேல் போடவும் முடியாது. சித்தி வாழ்நாளில் கூர்மூக்கு ஷூ போட்டதே இல்லை. அவருடைய அம்மாவுக்கும், அதாவது என் பாட்டிக்கும், இதே கோணல் இருந்தது. அவர் பாதிக் காலம் வெறுங்காலோடு நடந்தவர். தாய்வழியாக மகளுக்கு வருவது இதில் மிக சகஜம். தட்டைப் பாதம், தளர்ந்த மூட்டு, முடக்குவாதம் ஆகியவையும் காரணங்கள். செருப்பு பல சமயம் மூட்டி விடுகிறதே தவிர விதை வேறெங்கோ இருக்கிறது. 'நான் என்ன தப்புப் பண்ணுனேன்' என்று தம் காலைப் பார்த்துக் கேட்கும் பெண்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

சரி, யாருக்கு ஆபரேஷன் வேண்டும்? இங்கே பின்லாந்துக்காரர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 209 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆஸ்டினின் 'வி' வெட்டு, ஒரு குழுவுக்கு ஷூவுக்குள் வைக்கும் தாங்கு அட்டை, ஒரு குழுவுக்கு ஒன்றும் செய்யாமல் காத்திருப்பு. 2001-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் அட்டை போட்டவர்களுக்கும் வலி ஓரளவு குறைந்திருந்தது. ஓராண்டில் அந்தப் பலன் கரைந்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களே நன்றாக இருந்தார்கள். மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் விற்கும் சிலிக்கான் பட்டை, விரல் இடுக்குக் கட்டை எல்லாம் உரசலைக் குறைக்கும். கோணலை நிமிர்த்தாது. நிமிர்த்தும் என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

வலிதான் இதில் நீதிபதி. அகலமான செருப்புக்கு மாறிய பிறகும் வலி நடையைக் கெடுக்கிறது என்றால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். புகைப்படத்தில் கால் அழகாக இல்லை என்பதற்காகச் செய்யக் கூடாது. விரல் விறைத்துப்போவது, ஓரத்தில் மரத்துப்போவது, கோணல் திரும்ப வருவது, எலும்பு ஒட்டத் தாமதமாவது, பாரம் அடுத்த விரலுக்கு மாறுவது எல்லாம் நல்ல கையால் செய்தாலும் சிலருக்கு நேரலாம். வலி இல்லாத காலில் அந்த ஆபத்தை வாங்கிக் கட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

நோயால் பாதம் மரத்து, வலியே தெரியாதவர்கள் உண்டு. அவர்கள் கணக்கு வேறு. சயான் வட்டாரத்துக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். பக்கத்து வடாலாவில் 1890-இல் தொடங்கிய ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஆர். கணபதி நிறுவிய பாம்பே லெப்ரஸி ப்ராஜெக்ட், சயான்–சுனாபட்டியில் இருந்துகொண்டு தாராவிக் குடிசைகளில் பணி செய்தது. கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் பாதத்தை நோய் நேரடியாகத் தின்பதில்லை, உணர்ச்சி போனதால் படும் காயங்களே தின்கின்றன என்று நிறுவினார். அந்தப் புரிதலிலிருந்துதான் வேலூரிலும் கரிகிரியிலும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு உருவானது. இன்று சர்க்கரை நோயாளிகளும் அதையே போடுகிறார்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவருக்குக் கட்டைவிரல் புடைப்பு இருந்தால், செருப்பு உரசி அங்கே புண் வந்தாலும் தெரியாது. வலிக்கவில்லையே என்று அவர் சும்மா இருக்க முடியாது. ஆபரேஷனுக்கு முன்பு சர்க்கரை அளவும் பாதத்து ரத்த ஓட்டமும் பார்த்தாக வேண்டும். புகை பிடிப்பவர் நிறுத்தியாக வேண்டும். பிடித்தால் எலும்பு ஒட்டச் சுணங்கும்.

சித்திக்குச் சர்க்கரை இல்லை. வலி இருந்தது. அகலச் செருப்பு போட்டும் பார்த்தாயிற்று. இருந்தாலும் முடிவு நழுவிக்கொண்டே இருந்தது. காரணம் கத்திப் பயம் இல்லை, மெட்டி. ஆபரேஷன் நடக்கும் காலில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு விரல்கள் வீங்கும், மெட்டி இருந்தால் இறுக்கி ரத்த ஓட்டத்தை அடைக்கும். சித்தப்பா கல்யாணத்தன்று போட்ட வெள்ளி மெட்டி அது. இரண்டாவது விரல் கட்டைவிரல்மேல் ஏறி ஏறி, மெட்டி விரலின் சதையில் பள்ளம் பறித்து உட்கார்ந்திருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டும் வரவில்லை. கடைசியில் தெரிந்த பத்தர் ஒருவர் வீட்டுக்கே வந்து, விரலுக்கும் மெட்டிக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் சொருகி, சின்ன அரத்தால் அறுத்து எடுத்தார். அடியில் வெளிறிப்போன வளையமாகத் தோல். சித்தப்பா மெட்டியை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். "இன்னொரு கால்ல கெடக்குல்லா, பேசாம வா" என்றார். அன்று ராத்திரிதான் சித்தி சரி என்றார்.

மாதத்தையும் பார்த்துக்கொண்டோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் காலில் கட்டோடு நடமாட முடியாது. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் தண்ணீரில் நிற்கும், சயான் தாழ்வான தெருக்களும் அப்படியே. தையல் போட்ட பாதம் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. தீபாவளி கழித்து நாள் குறித்தார்கள். கணுக்காலில் ஊசி போட்டுப் பாதத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள். உள்ளே நடந்தது ஒரு மணி நேரம்போல. வலி வந்தது இரவில், ஊசி தெளிந்த பிறகு. மாத்திரையை வலி ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அது நல்ல யோசனை.

ஆபரேஷனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிந்தைய வாரங்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உண்மையில் பாதிச் சிகிச்சை அங்கேதான். முதல் இரண்டு வாரம் காலை இதயத்தைவிட உயரத்தில் வைத்தபடி கிடக்க வேண்டும். கீழே தொங்கவிட்டால் விரல்கள் கருநீலமாகித் துடிக்கும். தூக்கி வைத்தால் அடங்கும், பயப்பட வேண்டியதில்லை. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலைச் சுற்றிய கட்டு வெறும் துணி அல்ல. விரலைப் புதுத் திசையில் பிடித்து வைத்திருப்பதே அதுதான். வீட்டில் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். எலும்பு ஒட்ட ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்துக்குத்தான் ஒரு விசித்திரச் செருப்பு தருவார்கள். குதிகாலில் தடித்த அடி, முன்பாதத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை; அந்தரத்தில் நிற்கும். நடந்தால் பாரமெல்லாம் குதிகாலில் விழும், வெட்டிய எலும்பு தப்பிக்கும். இதற்கு வழிகாட்டியவரும் அதே பாரூக்தான்; அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். பழைய காலத்தில் மாவுக்கட்டு போட்டுப் படுக்கையில் கிடத்தினார்கள். இந்தச் செருப்பு வந்த பிறகு மறுநாளே கழிப்பறை வரை நடக்க முடிந்தது. என் கண்ணில் ஸ்க்ரூவைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான். ஆனால் நம் வீட்டில் செருப்பு வாசலோடு நிற்க வேண்டும். அடுப்படிக்கும் சாமி அறைக்கும் செருப்புக் காலோடு போவதா என்று சித்தி முரண்டு பிடித்தார். புதிதாக வாங்கியதை வெளியே போடவே போடாமல், அடியைத் துடைத்து, வீட்டுக்குள் மட்டும் போடுவது என்று முடிவானது. சாமி அறைக்கு மட்டும் போகவில்லை. வாசலில் நின்றே கும்பிட்டுக்கொண்டார். ஒரு கால் உயர்ந்துவிடுவதால் இடுப்பு வலிக்கும், மறுகாலுக்கும் கனமான அடி உள்ள செருப்பு வேண்டும். குத்த வைக்கும் கழிப்பறை ஆகவே ஆகாது. அதில் விரல்கள் முழுக்க மடங்கும். கமோடு நாற்காலி வாங்கி வைப்பது நல்லது. மாடிப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வெட்டிய கால் முதலில். மூன்று மாடிக்கு இந்தச் சூத்திரத்தைச் சித்தி வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்தபடி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பொங்கலுக்குள் சாதாரணச் செருப்பு வந்துவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வீக்கம் ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு இருக்கும், சாயங்காலமானால் கூடும். கட்டைப் பிரித்ததும் விரலைக் கையால் பிடித்து மேலும் கீழும் மடக்கிப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு விறைத்துவிடும். இன்னொன்று, வலிக்குப் பயந்து பல வருடம் பாதத்தின் வெளி ஓரத்தில் நடந்து பழகிய கால், வலி போன பிறகும் அப்படியே நடக்கும். சித்தி நடைவாசலில் சுவரைப் பிடித்தபடி, "அமுத்து, தள்ளு" என்று தனக்குத் தானே சொல்லி, கட்டைவிரலை ஊன்றி உந்த மறுபடி கற்றுக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

செருப்பு வாங்க நாங்கள் போனது தாராவிக்கு. 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தொழிலின் தொடர்ச்சியாக, சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் இன்றும் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சொன்னால் பாதத்தைத் தாளில் வரைந்து அளவெடுத்துத் தருகிறவர்களும் உண்டு. பாதம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நின்றபடி அளவு கொடுங்கள். முன்பக்கம் விரல்கள் விரிய இடம் வேண்டும், குதிகால் தாழ்வாக இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் இதே விதிதான். நெருக்கும் செருப்பு பழைய கோணலைத் திரும்ப அழைத்து வரும்.

குடும்பத்தில் எல்லோருடைய பல்லுக்கும் கண்ணுக்கும் செலவு செய்த பிறகே அம்மாவின் கால் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலும் அப்போதும் வருவதில்லை. உங்கள் வீட்டில் யாராவது செருப்பைக் கழற்றியதும் கட்டைவிரல் மூட்டைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறார்கள் என்றால், வலிக்கிறதா என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் கேட்டால் போதாது. தினமும் பாதத்தைப் பாருங்கள். வலி இல்லையென்றால் அகலச் செருப்பு வாங்கிக்கொடுத்துவிட்டு எலும்பைச் சும்மா விடுங்கள். வலி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எந்த முறை, ஏன் அந்த முறை, ஆறு வாரம் வீட்டில் யார் சமைப்பது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு தேதி குறியுங்கள். எக்ஸ்ரேயை மட்டும் நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.